மாஸ்க் ஓரத்தில் காற்று போகுதா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தூக்க மூச்சுத்தடைக்கான சீபேப் மெஷின் பற்றி எழுதியிருந்தோம். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்ளாதபடி, காற்றை அழுத்தத்தோடு ஊதித் திறந்தே வைத்திருக்கும் சின்னப் பெட்டி அது. வந்த கடிதங்களில் மெஷினைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். முக்கால்வாசிக் கடிதம், மெஷின் ஊதும் காற்றை முகத்தில் கொண்டுசேர்க்கும் மாஸ்கைப் பற்றியது. நியாயம்தானே, மெஷின் மேசையில் கிடக்கிறது, மாஸ்க்தான் முகத்தில் கிடக்கிறது. இந்தக் கருவிகளைப் பொருத்தித் தரும் தொழில்நுட்பர்கள் பதில் தருகிறார்கள்.

முழு முக மாஸ்க் (மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது) போடுகிறேன். ப்ரஷர் 12 (மெஷின் ஊதும் அழுத்தம், சென்டிமீட்டர் தண்ணீர் அளவில்). எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூக்குத்தண்டு ஓரமாகக் காற்று கண்ணில் அடிக்கிறது. காலையில் கண் சிவந்து, மூக்கின் மேல் தோல் உரிந்து நிற்கிறது. இன்னும் இறுக்கலாமா, வேறு வழி உண்டா?
– வாசகர், திருமங்கலம்

தளர்த்துங்கள். கண்ணில் காற்று அடிப்பதும் மூக்கில் தோல் உரிவதும் இரண்டு தனித்தனி நோய் இல்லை. இரண்டும் அந்த இறுக்கத்தில்தான் வருகின்றன.

மாஸ்கின் சிலிக்கான் குஷனைக் கழற்றி விளிம்பைப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் இரண்டு அடுக்கு இருக்கும். முகத்தைத் தொடுவது வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய அடுக்கு. அதற்கு அடியில் தாங்கிக்கொள்ள ஒரு தடித்த அடுக்கு. மெஷின் ஊதும்போது மெல்லிய அடுக்கு உப்பி எழுந்து, முகத்தின் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி தானே ஒட்டிக்கொள்ளும். காற்றை அடைப்பது அந்த உப்பல்தான், பட்டை இல்லை. பட்டையை இழுத்துக் கட்டினால் உப்பின பூரியை விரலால் அமுக்கிய கதைதான்: அடுக்கு மடிந்து சுருங்கும், மடிந்த இடத்தில் வாய்க்கால் விழும், அதன் வழியாகக் காற்று பீச்சும். நீங்கள் இன்னும் இறுக்குவீர்கள், இன்னும் மடியும்.

இன்றைக்கு ராத்திரி இப்படிச் செய்து பாருங்கள். முகத்தை சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். நான்கு பட்டைகளையும் முழுசாகத் தளர்த்திவிட்டு, எப்போதும் படுக்கும் தலையணையில் எப்போதும் படுக்கும் வாக்கில் படுங்கள். உட்கார்ந்து கட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உட்கார்ந்தால் கன்னத்துச் சதை கீழே தொங்கும், படுத்தால் காதுப் பக்கம் சரியும். நீங்கள் தூங்கப்போவது படுத்த முகத்தோடு, மாஸ்கையும் அந்த முகத்துக்குத்தான் கட்ட வேண்டும்.

அடுத்து மெஷினைப் போடுங்கள். ஆரம்பத்தில் 4, 5 என்று மெதுவாக ஏறும் ‘ராம்ப்’ வசதி இருந்தால் அதை அணைத்துவிட்டு, முழு ப்ரஷர் வந்தபிறகு கட்டுங்கள். ரெஸ்மெட் கம்பெனி மெஷின்களில் ‘மாஸ்க் ஃபிட்’ என்று ஒரு வசதி உண்டு. அதைத் தட்டினால் சுமார் 3 நிமிஷத்துக்கு அழுத்தத்தோடு ஊதிக் காட்டும். மாஸ்கை ஒரு கையால் முகத்தில் பிடித்துக்கொண்டு, முதலில் கீழ்ப் பட்டை இரண்டையும் ஒரே அளவாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், பிறகு மேல் பட்டை. கீழ்ப் பட்டை கன்னத்தையும் தாடையையும் அடைக்கும், மேல் பட்டை மூக்குத்தண்டை அடைக்கும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் மாஸ்க் கோணிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஊதும். கட்டி முடித்ததும் மாஸ்கை முகத்திலிருந்து நேராக ஓர் அங்குலம் முன்னால் இழுத்து, மெதுவாகத் திரும்ப உட்கார விடுங்கள். மடிந்திருந்த அடுக்கு அப்போதுதான் விரிந்து உப்பும். நாங்கள் சொல்வதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நடுராத்திரி ஊதினாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான், பட்டையில் கை வைப்பது அல்ல.

கன்னத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். வலப்பக்கம், இடப்பக்கம் புரண்டு பாருங்கள். எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் புறங்கையை நனைத்து மாஸ்கைச் சுற்றிக் கொண்டுபோங்கள், ஜில்லென்று படும் இடம்தான் ஓட்டை. ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் வெல்க்ரோவைத் தொடாதீர்கள். கீழ்ப்பக்கக் கொக்கியை மட்டும் கழற்றி மாட்டுங்கள்.

இத்தனை செய்தும் கண்ணில் அடித்தால் சைஸ் தப்பு. முழு முக மாஸ்குக்கு, வாயை லேசாகத் திறந்தபடி, மூக்குத்தண்டின் மேலிருந்து கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் நடுவில் உள்ள பள்ளம் வரை அளக்க வேண்டும். குஷனின் கீழ் விளிம்பு அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். பெரிய சைஸ் வசதி என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. பெரிய மாஸ்கின் அடிப்பகுதி மோவாயில் முட்டி, மேல்பகுதி கண்ணோரம் ஏறிவிடும்.

தோல் உரிந்த இடம் ஆறும்வரை, மூக்குக்கு அடியில் உட்கார்ந்து வாயை மூடும் வகை மாஸ்குக்கு மாறலாம். ரெஸ்மெட் எஃப்30, பிலிப்ஸ் அமரா வியூ போன்றவை அந்த வகை, மூக்குத்தண்டைத் தொடவே தொடாது. சர்க்கரை இருந்தால் புண்ணை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

என் மாஸ்கின் முன்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக எந்நேரமும் காற்று போகிறது. வீட்டுக்காரிக்கு முதுகில் அடிக்கிறது என்று பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டேன். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் காலையில் தலை பாரமாக இருக்கிறது.
– வாசகர், மேலூர்

பிளாஸ்டரை இப்போதே பிய்த்து எறியுங்கள். அது ஓட்டை இல்லை, நீங்கள் விடும் மூச்சு வெளியே போகும் வாசல். மெஷினிலிருந்து வருவது ஒரே குழாய், வெளிமூச்சுக்குத் தனிப் பாதை கிடையாது. வாசலை அடைத்தால் விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுப்பீர்கள். தலைபாரத்துக்கு அது போதும். பிளாஸ்டரை எடுத்த பிறகும் பாரம் போகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

வீட்டுக்காரிக்குக் காற்று அடிக்காமல் இருக்க வேறு வழி உண்டு. காற்றைத் துளித்துளியாகச் சிதறவிடும் துளைகள் கொண்ட மாடல்கள் கிடைக்கின்றன, கடையில் கேளுங்கள். பழைய மாஸ்கில் துளை பாதி அடைபட்டு விசில் அடித்தால், மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரில் தேய்த்தால் சரியாகிவிடும். ஊசி விட்டுக் குத்தாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒரு கணக்கு. 10 அழுத்தத்தில் அந்த வாசல் வழியாக மட்டும் நிமிஷத்துக்குச் சுமார் 30 லிட்டர் போகும், மாடலைப் பொறுத்துக் கூடும் குறையும். ரெஸ்மெட் மெஷின் இதைக் கழித்துவிட்டு மீதிக் கசிவை மட்டும் காட்டுகிறது, அதில் 24 லிட்டர்தான் எல்லை. அதற்குள் இருந்தால் சிரிக்கும் முகம், தாண்டினால் சோக முகம். மொத்தத்தையும் சேர்த்துக் காட்டும் மெஷின்களும் உண்டு. அதில் 35 என்று பார்த்துப் பயந்துவிட வேண்டாம். இன்னொன்று: மெஷினில் எந்த வகை மாஸ்க் என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். மூக்கு மாஸ்கிலிருந்து முழு முகத்துக்கு மாறிவிட்டு அதை மாற்றாமல் விட்டால் கழித்தல் கணக்கே தப்பாகிவிடும்.

அப்பாவுக்கு முறுக்கு மீசை. ‘மாஸ்குக்காக மீசையை எடுக்கச் சொன்னால் மெஷினே வேண்டாம்’ என்கிறார்.
– வாசகர், உசிலம்பட்டி

எடுக்க வேண்டியதில்லை, சொல்லிவிடுங்கள். மூக்கு மாஸ்கின் கீழ் விளிம்பு மேலுதட்டில்தான் உட்காரும், அங்கே முடி இருந்தால் காற்று போகத்தான் செய்யும். மூக்குத்துளையில் மட்டும் பொருந்தும் ‘நேசல் பில்லோ’ வகைக்கு மீசையால் தொந்தரவு குறைவு. முழு முக மாஸ்கில் மீசை குஷனுக்கு உள்ளேயே அடங்கிவிடும். ஆனால் முறுக்கிவிட்ட நுனி கன்னம் வரை போனால் அது குஷன் விளிம்புக்கு அடியில் மாட்டும். ராத்திரி மட்டும் நுனியை உள்பக்கமாகச் சீவிவிட்டுப் போடட்டும், காலையில் முறுக்கிக்கொள்ளட்டும். மீசைக்கு எண்ணெய் தடவுவதைக் காலைக்குத் தள்ளி வைக்க வேண்டும். தாடி என்றால் விஷயம் வேறு. இரண்டு நாள் வளர்ந்த குத்துமுடிகூட சிலிக்கானை அரத்தாள் போலத் தேய்க்கும்.

மூக்குத்தி போட்டிருக்கிறேன். இடது பக்கம் மட்டும் காற்று போகிறது. வாங்கி இரண்டு மாதத்தில் குஷன் அந்த இடத்தில் கிழிந்தும் விட்டது. கழற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, திருப்பரங்குன்றம்

மூக்குத்தி, மாஸ்க் இரண்டும் எந்த வகை என்று எழுதாததால் பொதுவாகச் சொல்கிறோம். ஒற்றைக்கல் மூக்குத்தி சப்பையாக இருந்தால், மூக்கை முழுசாக மூடும் மாஸ்கின் உள்பக்கமே அடங்கிவிடும், குஷன் விளிம்பு அதற்கு வெளியே கன்னத்தில் உட்காரும். சின்ன சைஸ் வாங்கினால் விளிம்பு நேராகக் கல்லின் மேல் விழும். உங்களுக்கு நடந்தது அநேகமாக அதுதான். பில்லோ வகையில் பிரச்சினை கல்லால் வருவதில்லை, உள்ளே இருக்கும் திருகாணியால் வருகிறது. அது சிலிக்கானை அறுக்கும், மூக்கின் உள்தோலையும் உறுத்தும். ஏழுகல் பேசரி என்றால் எந்த மாஸ்கோடும் சேராது, படுக்கும்போது கழற்றித்தான் வைக்க வேண்டும். வருஷக்கணக்கில் போட்ட துளை ஒரு ராத்திரியில் தூர்ந்துவிடாது.

பெண்கள் கடிதங்களில் இன்னொன்றும் திரும்பத் திரும்ப வருகிறது: ‘மாஸ்க் வழுக்குகிறது.’ ராத்திரி முகத்தில் தடவும் கிரீமும் தேங்காய் எண்ணெயும்தான் அதைச் செய்கின்றன. எண்ணெய் சிலிக்கானை ஊறவைத்துத் தொளதொளவென்று ஆக்கிவிடும். எண்ணெய்க் குளியல் நாளில் தலையில் ஒரு பருத்தித் துணியைக் கட்டி அதன்மேல் பட்டையை மாட்டுங்கள். பின்னலும் கொண்டையும் பின்பட்டைக்கு மேலே இருக்க வேண்டும். கொண்டை மேல் பட்டை ஏறினால் மாஸ்க் மேல்நோக்கி இழுக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வையே போதும் வழுக்க. குஷன் மேல் போடும் மெல்லிய துணி உறை வியர்வையை உறிஞ்சும், ஆனால் கொஞ்சம் கசிவைக் கூட்டும். அதை வெயில் காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மாமாவுக்கு வயது 71. பல்செட். மூக்கு மாஸ்க் போட்டால் வாய் திறந்துகொள்கிறது, காலையில் நாக்கு ஒட்டிப்போய்க் கிடக்கிறது. முழு முக மாஸ்க் வாங்கினோம், அதுவும் கன்னத்தில் ஊதுகிறது. கடையில் போட்டுப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.
– வாசகி, சோழவந்தான்

கடையில் பல்செட் போட்டிருந்தார், வீட்டில் கழற்றிவிட்டுப் படுக்கிறார். சரியா? பல்செட் எடுத்ததும் கன்னம் குழிந்து, தாடை மேலேறி, முகத்தின் நீளமே குறையும். அளந்த முகம் ஒன்று, தூங்கும் முகம் இன்னொன்று. பல்செட் இல்லாமல், படுக்கவைத்து, மெஷின் ஓட மறுபடி அளந்து பாருங்கள். ஒரு சைஸ் குறைந்தால் ஆச்சரியமில்லை. செட்டோடு படுக்கலாமா என்பதைப் பல் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முழு முக மாஸ்குக்குத் தாவும் முன்னால், வாய் ஏன் திறந்தது என்று பார்த்திருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. மூக்கு அடைத்திருந்தால் யாருக்கும் வாய் திறக்கும். சளி, ஒவ்வாமை, மூக்கின் நடுச்சுவர் வளைவு எதுவாக இருந்தாலும் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும். காற்று வறண்டாலும் மூக்கு வீங்கி அடைக்கும், ஈரப்பதத் தொட்டியை ஒரு படி கூட்டிப் பாருங்கள். மூக்கு நன்றாக இருந்தும் தாடை மட்டும் தொங்கினால் மோவாய்ப் பட்டை உதவும். மூக்கு அடைத்தவருக்கு மோவாய்ப் பட்டை கட்டக் கூடாது. வாயில் டேப் ஒட்டுவது பற்றி வீடியோக்களில் வருகிறதே, பெரியவர்களுக்கு அந்த வேலையே வேண்டாம்.

முழு முக மாஸ்கை அவசரப்பட்டு வாங்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. அது தாடையைப் பின்னால் தள்ளும், நாக்கும் கூடவே பின்னால் போகும். பலருக்கு மூக்கு மாஸ்கில் போதுமாக இருந்த ப்ரஷர் முழு முகத்தில் போதாமல் போகிறது. ப்ரஷர் ஏறினால் கசிவும் ஏறும். மூக்கு வழி தோதுப்படவில்லை என்றால் மட்டும் முழு முகம்.

படுத்ததும் நன்றாக இருக்கிறது. விடிகாலை 3, 4 மணிக்கு மாஸ்க் ‘புர்ர்’ என்று ஊதி எழுப்பிவிடுகிறது. ஆட்டோ மெஷின், 6 முதல் 14 வரை வைத்திருக்கிறார்கள். ஏசி அறை.
– வாசகர், ஆனையூர்

நீங்கள் 6ல் மாட்டுகிறீர்கள், அது 13ல் பிய்த்துக்கொண்டு போகிறது. கனவு வரும் தூக்கம் விடியப்போகும் நேரத்தில்தான் அதிகம். அப்போது தசையெல்லாம் தளர்ந்து மூச்சுப்பாதை சுருங்கும், ஆட்டோ மெஷின் அதை உணர்ந்து ஊதலைக் கூட்டும். தாடையும் அந்நேரம்தான் தொங்கும். போதாததற்கு மல்லாந்து படுத்தால் இன்னும் கூடும். ஆகவே மாஸ்கை உச்ச ப்ரஷரில் சோதிக்க வேண்டும். விற்றவரிடம் சொல்லி மெஷினை 14ல் நிறுத்திவைத்து மாட்டிப் பாருங்கள். 14 உண்மையில் தேவையா என்று பதிவைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும், எண்ணை நீங்களே மாற்ற வேண்டாம்.

ஏசி அறையில் இன்னொரு வில்லங்கம், குழாயில் தண்ணீர். ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் படிந்து களகளவென்று சத்தம் போடும், மாஸ்குக்குள் சொட்டி விளிம்பை வழுக்கவைக்கும். மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள், தண்ணீர் தொட்டிக்கே திரும்பிப் போகும். குழாய்க்குப் பழைய வேட்டித் துணியில் உறை தைத்துப் போடலாம். ஏசியை 26க்குக் கீழே இறக்காதீர்கள், ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள்.

தலையணையையும் பாருங்கள். போடிப் பக்கத்து இலவம்பஞ்சைத் திணித்துத் திணித்துத் தைத்த தலையணை கல் மாதிரி உயரமாக நிற்கும். ஒருக்களித்தால் மாஸ்கின் ஓரத்தை முட்டித் தள்ளும். கொஞ்சம் பஞ்சைப் பிரித்தெடுத்து, முகம் வரும் ஓரத்தைத் தட்டையாக்குங்கள். குழாயைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் கட்டில் சட்டத்தில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டால் புரளும்போது மாஸ்கை இழுக்காது.

லாரி ஓட்டுகிறேன். மாதத்தில் 20 நாள் கேபினில்தான் தூக்கம். எந்த மாஸ்க் தோது?
– வாசகர், கப்பலூர்

மூக்குத்துளையில் பொருந்தும் பில்லோ வகை, குழாய் உச்சந்தலையில் இணையும் மாடல். கேபின் படுக்கையில் புரள இடம் குறைவு, முகத்துக்கு முன்னால் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் கதவில் இடிக்கும். பல மாடல்களில் பெட்டியிலேயே மூன்று சைஸ் குஷன் வரும், மூன்றையும் போட்டுப் பாருங்கள். துளையை விரித்து வலி கொடுக்காமல் அடைக்கும் சைஸ் எதுவோ அது. வண்டி பேட்டரியில் நேராக ஒயர் இழுக்காதீர்கள், அந்தந்தக் கம்பெனியின் டிசி கன்வெர்ட்டர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஈரப்பதத் தொட்டியை அணைத்துவிட்டால் பேட்டரி வெகுவாக மிச்சம். வெளியூர் போகும்போது மெஷினை வீட்டில் விட்டுப்போகும் பழக்கம் மட்டும் வேண்டாம். கண் அசந்தால் ஆபத்து மற்றவர்களைவிட உங்கள் தொழிலில்தான் அதிகம்.

பேஸ்மேக்கர் வைத்திருக்கிறேன். காந்தக் கொக்கி மாஸ்க் போடலாமா?
– வாசகர், செல்லூர்

கூடாது. அந்தக் காந்தம் பேஸ்மேக்கரிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர், அதாவது 6 அங்குலம், தள்ளி இருக்க வேண்டும் என்பது கம்பெனிகளே தரும் எச்சரிக்கை. தூக்கத்தில் கொக்கி கழன்று நெஞ்சில் விழுந்தால் அந்த இடைவெளி எங்கே இருக்கும்? சாதாரண பிளாஸ்டிக் கொக்கியோடு அதே மாடல்கள் பலவும் கிடைக்கின்றன. பக்கத்தில் படுப்பவருக்குப் பேஸ்மேக்கர் இருந்தாலும் இதேதான்.

மாஸ்கை மாட்டியதும் யாரோ மூக்கைப் பொத்துவது போலப் படபடப்பு. பத்து நிமிஷத்தில் கழற்றிவிடுகிறேன்.
– வாசகி, வாடிப்பட்டி

ராத்திரி பழகாதீர்கள், பகலில் பழகுங்கள். முதல் சில நாள் மெஷின் இல்லாமல், பட்டை கட்டாமல், கையால் மட்டும் பிடித்துக்கொண்டு டிவி பார்க்கலாம். பிறகு பட்டையோடு. அதன்பிறகு மெஷினோடு, உட்கார்ந்தபடி, அரைமணி. அதற்குப் பின் மதியத் தூக்கத்துக்கு. ஒவ்வொரு படியிலும் படபடப்பு அடங்கியபிறகு அடுத்தது. ஒரே அசைவில் கழற்றக் கற்றுக்கொள்ளுங்கள், ‘நினைத்தால் எடுத்துவிடலாம்’ என்று கைக்குத் தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். கரண்ட் போனால் மூச்சு முட்டுமே என்ற பயமும் வேண்டாம். முழு முக மாஸ்கில் ஊதல் நின்றதும் தானே திறக்கும் வால்வு இருக்கிறது, மூக்கு மாஸ்கில் வாய் இருக்கிறது.

எதைக் கொண்டு கழுவுவது? எத்தனை நாளுக்கு ஒருமுறை குஷன் மாற்றுவது? பழைய மாஸ்க் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா?
– வாசகர், அலங்காநல்லூர்

குஷனைத் தினமும் காலையில் குழந்தைகள் ஷாம்பூவோ மென்மையான சோப்போ ஒரு சொட்டு விட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். பட்டைகளை வாரம் ஒருமுறை அலசினால் போதும், முறுக்கிப் பிழியக் கூடாது. டெட்டால், ஸ்பிரிட், கொதிநீர், மொட்டைமாடி வெயில் எல்லாம் சிலிக்கானுக்கு எமன். தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் ஊற்றினால் நம் பக்கத்து உப்புக்குச் சீக்கிரமே வெள்ளையாகப் படிந்துவிடும். படிந்ததை எடுக்க ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைக்கலாம். பெட்ரோல் பங்க் பேட்டரித் தண்ணீர் வேண்டாம், அது மூச்சில் கலக்கத் தயாரிக்கப்பட்டதல்ல.

குஷனை நாள் கணக்குப் பார்த்து மாற்ற வேண்டியதில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சளித்து, விரலால் அமுக்கிவிட்டால் பழையபடி எழும்பாமல் கிடந்தால் அதன் ஆயுள் முடிந்தது. கசிவு எண் முன்பைவிட ஏறிக்கொண்டே போவதும் அதே அடையாளம். நன்றாகக் கழுவிவந்தால் பலருக்கு ஆறு மாதம் வரும். பட்டை தொய்ந்தால் பட்டையை மட்டும் தனியாக வாங்கலாம்.

பழைய மாஸ்கில் சட்டம் உடையாமல் இருந்தால் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், குஷனையும் பட்டையையும் புதிதாகப் போடுங்கள். அந்த இரண்டின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு, மலிவுதானா என்று முடிவு செய்யுங்கள்.